ரீபூட் செய்தால் கர்னல் அமைப்பு ஏன் பழையபடி ஆகிவிடுகிறது?

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்கூழ் ஆலை அலுவலகத்தில், பில் போடும் மென்பொருளும் எடைமேடைக் கணக்கும் ஓடுகிற 4 ஜிபி ரேம் கொண்ட பழைய கணினி ஒன்றை டெபியன் லினக்ஸ் போட்டுச் சர்வராக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சீசன் நேரத்தில் அது மந்தமாவதால் ஸ்வாப்பினெஸ் மதிப்பை, அதாவது ரேமில் இருப்பதை வட்டிலுள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளும் போக்கைக் கட்டுப்படுத்தும் எண்ணை, 60-இலிருந்து 10-க்கு மாற்றினீர்கள். அதற்குரிய கோப்பிலும் எழுதி வைத்தீர்கள். ஆனாலும் மின்சாரம் போய் வந்தபின் பார்த்தால் மறுபடியும் 60 என்றே காட்டுகிறது. கர்னலின் (வன்பொருளையும் நிரல்களையும் நிர்வகிக்கும், இயக்கமுறைமையின் மையப்பகுதி) அமைப்புகளை முழுவதுமாகப் பார்ப்பது எப்படி, நிலையாக மாற்றுவது எப்படி, இணையத்தில் கிடைத்த நாற்பது வரிப் பட்டியலை அப்படியே போட்டுக்கொள்ளலாமா என்று மூன்றாகக் கேட்டிருந்தாலும், மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: இப்போது கர்னலிடம் இருக்கும் மதிப்பை அங்கே கடைசியாக எழுதியது யார்? ஓசூரிலும் தர்மபுரியிலும் சிறு ஆலைகளின் சர்வர்களைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்துவரும் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். எஸ், ஒய், எஸ், சி, டி, எல் என்னும் ஆறு எழுத்துகளைச் சேர்த்தெழுதும் சிஸ்சிடிஎல் கட்டளைதான் இந்த வேலைக்கான கருவி. அதனுடன் -டபிள்யூ சேர்த்து விஎம்.ஸ்வாப்பினெஸ்=10 என்று கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் நினைவகத்தில் உள்ள எண் அந்த நொடியே மாறும்; வட்டில் எதுவும் எழுதப்படாது. லினக்ஸில் இந்த எண்களெல்லாம் /ப்ராக்/சிஸ் என்னும் அடைவுக்குக் கீழே கோப்புகளைப்போலத் தோற்றமளிக்கின்றன; பெயரில் உள்ள புள்ளியைச் சாய்கோடாக மாற்றினால் கோப்பின் இடம் கிடைத்துவிடும். அங்கே போய் எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள்: ஸ்வாப்பினெஸ் என்னும் கோப்பின் அளவு 0 பைட் என்று இருக்கும். அதே கோப்பைக் கேட் கட்டளையால் திறந்தால் 60 என்று எண் வரும். பூஜ்ய பைட் கோப்புக்குள் எண் எப்படி வந்தது என்று கேட்டால், அப்படியொரு கோப்பு வட்டில் கிடையாது என்பதே விடை. நீங்கள் படிக்கும் கணத்தில் கர்னல் தன்னிடமுள்ள எண்ணை எழுத்தாக்கி நீட்டுகிறது, நீங்கள் எழுதும் கணத்தில் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆகவே மின்சாரம் போனால் அந்த எண்ணும் போய்விடும்; மறுமுறை எழும்போது கர்னல் தன்னுடைய பிறவி மதிப்பான 60-உடன் எழும்.

பார்ப்பதற்குச் சிஸ்சிடிஎல் -ஏ போதும். அது கொட்டும் வரிகள் ஆயிரத்தை ஒட்டி இருக்கும் என்பதால், கிரெப் வைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பெயரின் முதல் பகுதி எந்தக் குடும்பம் என்பதைச் சொல்லும்: விஎம் என்றால் நினைவக மேலாண்மை, நெட் என்றால் வலையமைப்பு, எஃப்எஸ் என்றால் கோப்பு முறைமை, கர்னல் என்றால் பொதுவானவை. சில வரிகள் முழு உரிமையுள்ள ரூட் பயனராக இருந்தால்தான் தெரியும், ஆகவே அந்த உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடூவைச் சேர்த்தே ஓட்டுங்கள். மாற்றுவதற்கு முன் இந்த வெளியீடு முழுவதையும் தேதியிட்ட ஒரு கோப்பில் சேமித்து வைப்பது என் வழக்கம். பிறகு ஏதாவது கோணலானால் டிஃப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் இருக்காது.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஒரு சிறு பள்ளத்தையும் காட்டிவிடுகிறேன். சூடூ எக்கோ 10 என்று எழுதி, அம்புக்குறி போட்டு, /ப்ராக்/சிஸ் கோப்புக்குள் திருப்பிவிட்டால் அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும். சூடூ என்பது எக்கோவுக்கு மட்டும்தான் ரூட் உரிமை கொடுத்தது. அம்புக்குறியைக் கவனித்துக் கோப்பைத் திறக்க முயன்றது உங்கள் சாதாரண ஷெல். சூடூ டீ வழியாக எழுதலாம். சிஸ்சிடிஎல் -டபிள்யூ இருக்கும்போது அந்தச் சுற்றுவழி எதற்கு என்பது என் கருத்து.

இனி உங்கள் உண்மையான சிக்கல். கோப்பில் எழுதியும் ரீபூட்டுக்குப் பிறகு ஏன் நிற்கவில்லை? உங்கள் கணினியை நேரில் பார்க்காமல் இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. மூன்று காரணங்களை, நிகழ வாய்ப்புள்ள வரிசையில் சொல்கிறேன். எழுதிய கோப்பு /ஈடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். டெபியன் எந்தப் பதிப்பு என்று குறிப்பிடவில்லை. அது 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ஆக இருந்தால், விடை இங்கேயே முடிந்துவிடலாம். கணினி எழும்போது இந்த அமைப்புகளைப் படித்துக் கர்னலிடம் ஒப்படைப்பது சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல் என்னும் சேவை. அந்தச் சேவைக்கு /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி என்னும் அடைவுதான் தெரியும். பழைய ஒற்றைக் கோப்பு நேரடியாகத் தெரியாது. முந்தைய பதிப்புகளில் அந்த அடைவுக்குள் 99-சிஸ்சிடிஎல்.கான்ஃப் என்று ஓர் இணைப்பை வைத்து, பழைய கோப்பையும் படிக்கவைத்திருந்தார்கள். 13-இல் அந்த ஏற்பாடு இல்லை. இதில் குழப்பம் என்னவென்றால், சிஸ்சிடிஎல் -பி என்று கையால் ஓட்டினால் அது இன்றும் பழைய கோப்பைத்தான் தேடிப் படிக்கும். ஆகவே நீங்கள் எழுதி, -பி போட்டு, 10 என்று வந்ததைக் கண்ணால் பார்த்துத் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள். இரவில் மின்சாரம் போய் வந்தபோது எழுந்த கணினி அந்தக் கோப்பின் பக்கமே திரும்பியிருக்காது.

இரண்டாவது காரணம் வரிசை. /ஈடிசி, /ரன், /யூஎஸ்ஆர்/லிப் ஆகிய மூன்று இடங்களிலும் சிஸ்சிடிஎல்.டி அடைவு இருக்கலாம். மூன்றிலும் உள்ள கோப்புகளை ஒன்றாகத் திரட்டி, எந்த அடைவில் இருக்கிறது என்று பாராமல், கோப்பின் பெயரை வைத்து அகர வரிசையில் படிப்பார்கள். ஒரே அமைப்பை இரண்டு கோப்புகள் சொன்னால் பிந்தி வருவது வெல்லும். ஒரே பெயரில் இரண்டு இடங்களில் கோப்பு இருந்தால் /ஈடிசி-யில் இருப்பது மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். நீங்கள் 50 என்று தொடங்கும் கோப்பில் 10 என்று எழுதி, வேறொரு மென்பொருள் 99 என்று தொடங்கும் கோப்பில் 60 என்று வைத்துப் போயிருந்தால் உங்களுடையது தோற்கும். கடைசியில் நிற்கட்டும் என்று 100 என்று பெயர் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இது எண் வரிசை இல்லை, எழுத்து வரிசை, ஆகவே 100 என்பது 90-க்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். பெயர் .கான்ஃப் என்று முடியாவிட்டால் அந்தக் கோப்பு கண்டுகொள்ளப்படவே படாது.

மூன்றாவது காரணம், எல்லாம் சரியாக நடந்த பிறகு வேறொரு சேவை வந்து மாற்றி எழுதுவது. டியூண்ட் போன்ற செயல்திறன் மேலாண்மைச் சேவைகளும், மடிக்கணினிகளுக்கான மின்சேமிப்பு மென்பொருள்களும் தங்கள் போக்கில் இந்த எண்களை மாற்றக்கூடியவை. உங்கள் அலுவலகச் சர்வரில் இது நடக்க வாய்ப்பு குறைவு என்றாலும், முதல் இரண்டையும் சரிபார்த்து விடை கிடைக்காவிட்டால் இங்கே தேடுங்கள்.

எது நடந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையுடன் கேட்-கான்ஃபிக் சிஸ்சிடிஎல்.டி என்று சேர்த்து ஓட்டினால், படிக்கப்படும் கோப்புகள் எல்லாவற்றையும் படிக்கப்படும் வரிசையிலேயே, கோப்பின் பெயரோடு திரையில் காட்டும். அதில் உங்கள் 10 வருகிறதா, வந்தால் அதற்குப் பின்னால் 60 வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஜர்னல்சிடிஎல் -யூ சிஸ்டம்டி-சிஸ்சிடிஎல் என்று ஓட்டினால் எந்த வரியாவது ஏற்கப்படாமல் போயிருக்கிறதா என்பதும் தெரியும். பிறகு /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் 99-இசட்-ஆலை.கான்ஃப் என்பதுபோல உங்கள் சொந்தப் பெயரில் ஒரு கோப்பு தொடங்கி, அதில் விஎம்.ஸ்வாப்பினெஸ் = 10 என்று ஒரு வரியும், அதற்கு மேலே ஹேஷ் குறியிட்டு, எந்தத் தேதியில், எதற்காக, முன்பு என்ன மதிப்பு இருந்தபோது மாற்றினீர்கள் என்று ஒரு குறிப்பும் எழுதுங்கள். குறிப்பு எழுதுவதைச் சோம்பலால் விடாதீர்கள். அடுத்த மாம்பழ சீசனில் அந்தக் கோப்பைத் திறக்கும்போது அதை எழுதியவர் உங்களுக்கே அந்நியராக இருப்பார்.

எழும் நேரம் சம்பந்தப்பட்ட இன்னொரு சங்கதியும் உண்டு. சில அமைப்புகள் அதற்குரிய மாட்யூல் (தேவைப்படும்போது கர்னலில் சேர்க்கப்படும் துண்டு) ஏற்றப்பட்ட பிறகுதான் பிறக்கும். பிரிட்ஜ் (வலையமைப்புகளை இணைக்கும் மென்பொருள் பாலம்) வழியாகப் போகும் பாக்கெட்டுகளை ஐபிடேபிள்ஸ் என்னும் ஃபயர்வால் பார்க்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு, பிஆர்_நெட்ஃபில்ட்டர் மாட்யூல் ஏறும்வரை /ப்ராக்/சிஸ்-இல் இருக்கவே இருக்காது; அதற்கு முன்பே சேவை எழுத முயன்றால் அந்த வரி வீண். மாட்யூலின் பெயரை /ஈடிசி/மாட்யூல்ஸ்-லோடு.டி அடைவில் எழுதி வைத்தால் அது முன்கூட்டியே ஏறிக்கொள்ளும். உங்களுக்கு இப்போது தேவைப்படாது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரைப் போட ஆரம்பித்தால் ஒருநாள் தேவைப்படும்.

இப்போது ஸ்வாப்பினெஸ் என்னும் எண்ணைப் பற்றி. ரேமில் இத்தனை சதவீதம் மிச்சமிருக்கும்போது ஸ்வாப் தொடங்கும் என்று இதைப் பலர் விளக்குகிறார்கள், அது தவறு. நினைவகத்தில் இடம் வேண்டிவரும்போது கர்னலுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: வட்டிலிருந்து படித்து வைத்திருக்கும் கோப்புப் பக்கங்களைக் கைவிடலாம், அல்லது நிரல்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளலாம். இந்த இரண்டில் எதற்கு எவ்வளவு செலவு என்று கர்னல் எடைபோடும்போது கையில் பிடிக்கும் எடைக்கல்தான் ஸ்வாப்பினெஸ். 100 என்றால் இரண்டும் சம செலவு. 60 என்றால் கோப்புப் பக்கங்களைக் கைவிடும் பக்கம் தட்டு சாய்ந்திருக்கிறது. 10 என்றால் இன்னும் சாய்கிறது. 2020-இல் வந்த 5.8 கர்னல் முதல் இந்த எண் 200 வரை போகலாம். 0 போட்டாலும் ஸ்வாப் நின்றுவிடாது. வேறு வழியே இல்லாத கட்டத்தில் நடக்கும்.

ஆகவே 10 ஆக்கினால் உங்கள் சர்வர் வேகமாகுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. உறுதியாகச் சொல்லிவிட்டுப் பிறகு வெட்கப்பட விரும்பவில்லை. பில் மென்பொருளின் தரவுத்தளம் கோப்புப் பக்கங்களை நம்பி ஓடுகிறது என்றால், அவற்றைக் கைவிடச் சொல்வது எதிர்மாறாகவும் முடியலாம். லாரிகள் எடைமேடையில் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் விஎம்ஸ்டாட் 1 என்று ஓட்டி, எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது), எஸ்ஓ (ஸ்வாப்புக்கு வெளியே போவது) என்னும் இரண்டு பத்திகளைப் பத்து நிமிடம் கவனியுங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது கணினி எழுந்ததிலிருந்து இன்றுவரையிலான சராசரி. மற்ற வரிகளில் இரண்டும் பூஜ்யமாகவே இருந்தால் ஸ்வாப்புக்கும் உங்கள் மந்தத்துக்கும் தொடர்பே இல்லை, ஸ்வாப்பினெஸை எந்த எண்ணுக்கு மாற்றினாலும் ஒன்றுதான். இரண்டும் விடாமல் நூறு, ஆயிரம் என்று ஓடிக்கொண்டிருந்தால் ரேம் பற்றவில்லை என்று பொருள். இன்னொரு 4 ஜிபி வாங்கிச் செருகுவது எந்த எண்ணைவிடவும் பலன் தரும்.

மின்சாரம் அடிக்கடி போகிறது என்று எழுதியிருப்பதால், ஸ்வாப்பினெஸைவிட உங்களுக்கு நெருக்கமான வேறிரண்டு அமைப்புகளைச் சொல்கிறேன். ஒரு நிரல் கோப்பில் எழுதியதும் அது உடனே வட்டுக்குப் போய்விடுவதில்லை. நினைவகத்தில் அழுக்குப் பக்கமாகக் காத்திருக்கிறது. விஎம்.டர்ட்டி_எக்ஸ்பயர்_சென்டிசெக்ஸ் என்பதன் இயல்பு மதிப்பு 3000, அதாவது 30 விநாடி. அந்த வயதைத் தாண்டிய பக்கங்களை எழுதியாக வேண்டும். டர்ட்டி_ரைட்பேக்_சென்டிசெக்ஸ் 500, அதாவது எழுதும் வேலையாள் 5 விநாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கிறார். சேமித்துவிட்டோம் என்று நினைத்த கோப்பு, அடுத்த அரை நிமிடத்தில் மின்சாரம் போனால் பழைய நிலையிலேயே இருப்பதற்கு இதுதான் காரணம். முறையாக எழுதப்பட்ட தரவுத்தளங்கள் ஒவ்வொரு கணக்கையும் முடிக்கும்போது எஃப்சிங்க் கேட்டு வட்டில் பதியவைத்துவிடுகின்றன. அவற்றுக்கு இந்த எண் பெரிதாகப் பொருட்டில்லை. சாதாரணக் கோப்புகளாகக் கணக்கு எழுதும் பழைய மென்பொருளாக இருந்தால் 3000-ஐ 1000 ஆக்கிப் பார்க்கலாம். அதைவிட யூபிஎஸ் பேட்டரியை மாற்றுவது முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் ஆள் இல்லாத அலுவலகம் என்றால் கர்னல்.பேனிக் என்பதையும் பாருங்கள். இயல்பாக 0, கர்னல் நிலைகுலைந்தால் யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை அப்படியே உறைந்து நிற்கும். 10 என்று வைத்தால் பத்து விநாடி கழித்துத் தானே ரீபூட் ஆகும். நான் பார்த்துக்கொள்ளும் தொலைதூரச் சர்வர்கள் எல்லாவற்றிலும் தயங்காமல் மாற்றுவது இது ஒன்றைத்தான்.

அந்த நாற்பது வரிப் பட்டியலுக்கு வருகிறேன். வேண்டாம். இதை நான் தலையில் குட்டு வாங்கிக் கற்றேன். பத்து ஆண்டுகளுக்கும் முன்னால், ஓசூரில் ஒரு சிறு நிறுவனத்தின் சர்வருக்கு, இணைப்புகள் குவிகின்றன என்பதற்காக இதுபோன்ற ஒரு பட்டியலை எடுத்து அப்படியே ஒட்டினேன். அதில் நெட்.ஐபிவி4.டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள் = 1 என்று ஒரு வரி இருந்தது. மறுநாள் அவர்களுடைய தர்மபுரிக் கிளையிலிருந்து போன் வந்தது. அங்கே ஐந்து கணினிகள், ஐந்தும் லினக்ஸ், ஒரே பிராட்பேண்ட் ரவுட்டருக்குப் பின்னால். அவற்றில் ஒன்று மட்டும் நன்றாக இணைகிறது, மற்றவை இணைகின்றன, நிற்கின்றன, மறுபடி இணைகின்றன என்றார்கள். வயரை மாற்றினோம், ரவுட்டரை மாற்றினோம். கிளையில் பில் போடும் பெண்தான் மூன்றாம் நாள், காலையில் யார் முதலில் கம்ப்யூட்டரைப் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான் சார் வேலை செய்கிறது என்று சொன்னார்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு விளங்கியது. அக்காலத்து லினக்ஸில் டிசிபி நேரமுத்திரை என்பது கணினி எழுந்த நேரத்திலிருந்து ஏறிக்கொண்டே போகும் எண். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஐந்தும் வெளியில் ஒரே ஐபி முகவரியாகத் தெரியும். ரீசைக்கிள் இயங்கும்போது சர்வர் ஒரு முகவரியிலிருந்து கடைசியாகப் பார்த்த நேரமுத்திரையை நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்குள் அதைவிடச் சிறிய முத்திரையோடு வரும் புதிய இணைப்புக் கோரிக்கையைப் பழைய பாக்கெட் என்று கருதிச் சத்தமில்லாமல் போட்டுவிடும். முதலில் எழுந்த கணினியின் முத்திரை எப்போதும் பெரிது. மற்ற நான்கும் அதன் நிழலில் செத்தன. 2017-இல் வந்த 4.12 கர்னலில் இந்த அமைப்பையே எடுத்துவிட்டார்கள். இன்றும் அந்த வரி பட்டியல்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைய கணினியில் போட்டால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரும். உங்கள் நாற்பது வரியில் அது இருந்தால், பட்டியல் எந்தக் காலத்தது என்பதற்கு அதுவே சான்று. ஏற்கப்படக் காத்திருக்கும் இணைப்புகளின் வரிசைக்கு உச்சவரம்பு வைக்கும் நெட்.கோர்.சோமேக்ஸ்கான் என்பதை 128-இலிருந்து உயர்த்துங்கள் என்று சொல்லும் வரியும் அப்படித்தான், 5.4 கர்னல் முதல் அதன் இயல்பு மதிப்பே 4096. பழைய பட்டியலைப் பார்த்து 1024 என்று எழுதினால், உயர்த்துவதாக நினைத்துக்கொண்டு குறைத்திருப்பீர்கள்.

அதே பட்டியலில் நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட் இருந்தால் அதையும் தொடாதீர்கள். அதை 0-விலிருந்து 1-க்கு மாற்றும்போது கர்னல் இந்தக் கணினி இனி ரவுட்டர் என்று எடுத்துக்கொண்டு, ஐபிவி4 இடைமுகங்களின் மற்ற அமைப்புகளை ரவுட்டருக்குரிய இயல்பு மதிப்புகளுக்குத் திருப்பிவிடும். நீங்கள் தொட்டது ஓர் எண், மாறியது பல. கர்னல்.மாட்யூல்ஸ்_டிசேபிள்ட் போன்றவை ஒருவழிப் பாதை. 1 ஆக்கிவிட்டால் ரீபூட் செய்யாமல் 0-வுக்குத் திரும்ப முடியாது.

லினக்ஸைப் போன்ற இன்னொரு இலவச இயக்கமுறைமையான ஃப்ரீபிஎஸ்டி பற்றியும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். சிஸ்சிடிஎல் என்பதே 1993-இல் பெர்க்லியிலிருந்து வந்த 4.4பிஎஸ்டி-யின் சரக்கு, லினக்ஸ் அதைக் கடன் வாங்கியது. ஃப்ரீபிஎஸ்டி-யில் /ப்ராக்/சிஸ் கிடையாது, நேரே சிஸ்டம் கால் (நிரல் கர்னலிடம் நேரடியாகக் கேட்கும் அழைப்பு) வழியாகத்தான் நடக்கும்; லினக்ஸிலோ அந்தச் சிஸ்டம் காலை 5.5-இல் எடுத்துவிட்டார்கள். சிஸ்சிடிஎல் -டி என்று கேட்டால் ஒவ்வோர் அமைப்பும் என்ன என்று ஃப்ரீபிஎஸ்டி ஒரு வரியில் விளக்கம் சொல்லும். லினக்ஸ்காரனான எனக்கு அதில் இன்றும் பொறாமைதான். அங்கே சில அமைப்புகளைக் கணினி எழும்போது லோடர்.கான்ஃப் வழியாக மட்டுமே வைக்க முடியும், மற்றவை சிஸ்சிடிஎல்.கான்ஃப்-இல். அங்கே அந்த ஒற்றைக் கோப்பு இன்றும் படிக்கப்படுகிறது. நான் ஃப்ரீபிஎஸ்டி-யை இரண்டே இடங்களில்தான் வைத்து ஓட்டியிருக்கிறேன், ஆகவே இதற்குமேல் அதில் ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஆகவே இன்று செய்ய வேண்டியது இவ்வளவு. /ஈடிசி/டெபியன்_வெர்ஷன் கோப்பைத் திறந்து பதிப்பைப் பாருங்கள், கேட்-கான்ஃபிக் வெளியீட்டில் உங்கள் வரியைத் தேடுங்கள், புதிய கோப்பை வைத்துவிட்டு ஆலையில் வேலை இல்லாத நேரத்தில் ஒருமுறை நீங்களே ரீபூட் செய்து எண்ணைப் பாருங்கள். அப்போதும் 60 என்றே இருந்தால், அந்த வெளியீட்டையும், எடைமேடை பரபரப்பாக இருக்கும்போது எடுத்த பத்து நிமிட விஎம்ஸ்டாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். மூன்றாவது காரணத்தை அதை வைத்துத்தான் தேட முடியும்.